பைல் பவுண்டேஷனில் மீட்டர் ரேட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சென்னை பெரும்பாக்கத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து ஸ்டில்ட் பார்க்கிங்கும் ஐந்து மாடியும் கட்டுகிறோம். சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம், மேலே குழைந்த களிமண். 600 மி.மீ. விட்டத்தில் 15 மீட்டர் ஆழத்துக்கு பைல் என்று டிசைன். பைல் என்றால் மண்ணைத் துளைத்து, கம்பியும் கான்கிரீட்டும் இறக்கிச் செய்யும் அஸ்திவாரத் தூண். பைல் ஆழத்தில் மீட்டருக்கு ஆகக் குறைந்த ரேட் சொன்ன கான்ட்ராக்டருக்கே வேலையைக் கொடுத்தோம். அந்த ஆள் செய்த வேலையைக் கேளுங்கள்.

துளை போட்டதும் அடியில் தங்கும் சேற்றை பென்டோனைட் என்ற களிமண் கரைசல் விட்டுக் கழுவி வெளியேற்ற வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும், மீட்டர் கணக்கில் காசும் வராது. அதனால் பெயருக்குக் கழுவினார்கள். கம்பிக்கூட்டை இறக்கினால் அடிவரை போகவில்லை. இருக்க வேண்டிய மட்டத்துக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. கூட்டை வெளியே எடுத்துத் திரும்பக் கழுவியிருக்க வேண்டாமா? கேஸ் கட்டரால் நீட்டிய கம்பியை அறுத்துவிட்டு கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். "எல்லா சைட்லயும் இப்படித்தான் சார்" என்றார் சூப்பர்வைசர். பாறையில் உட்கார வேண்டிய பைல் சேற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது!

அதன்பிறகு கான்கிரீட் லாரி சலான்களைக் கூட்டிப் பார்த்தோம். அந்த அளவு பைலுக்குக் கணக்குப்படியே 4.24 கனமீட்டர் வேண்டும். துளை எங்கும் ஒரே சீராக இருக்காது என்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடத்தான் போகும். பல பைல்களில் அதைவிடக் குறைவாகவே போயிருந்தது. ஆழம் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் மண் சரிந்து பைல் ஒடுங்கியிருக்க வேண்டும்.

லோடு டெஸ்ட்டில் டிசைன் பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். பைல் கீழே இறங்குவது 12 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். எங்கள் பைல் பாதி வழியிலேயே அதைத் தாண்டிவிட்டது. இப்போது பக்கத்தில் கூடுதல் பைல், பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் மூடியான பைல் கேப்பும் பெரிதாக, அதற்கும் கம்பி, கான்கிரீட். இதற்கிடையில் துளை போடும் ரிக் கொண்டுவந்த கூலி, பைல் தலையில் மிஞ்சிய கான்கிரீட்டை உடைத்த கூலி என்று கான்ட்ராக்டர் தனி பில் வேறு நீட்டுகிறார். கொட்டேஷனில் இவை எதுவும் இல்லை.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது மீட்டர் ரேட்டை விடுங்கள். பைல் கேப் செலவையும் சேர்த்து, ஒரு டன் பாரம் தாங்க எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். சின்ன பைல் நிறைய போடுவதைவிட பெரிய விட்டத்தில் கொஞ்சம் போடுவது சில இடங்களில் மலிவாக முடியும். மண் பரிசோதனை உங்கள் மனையிலேயே, பாறை தட்டும்வரை நடக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் முன் கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, உங்கள் இன்ஜினியர் கையாலேயே ஆழம் அளக்க வேண்டும். லோடு டெஸ்ட் தேறும்வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைப்போம் என்பதை வொர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.