ஒயில் ஒழுகுது என்று கராஜுக்குப் போகிறவர்கள் கவனம்

வன்னியில் பழைய டொல்பின் வான் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து பழைய வாகனங்களுக்கும் விலை ஏறியது, அவற்றைத் திருத்துகிற கராஜ்களுக்கும் மவுசு கூடியது. 2025 இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் புதுசு வாங்க எங்களைப் போன்றவர்களிடம் ஏது காசு? இருக்கிறதைத்தான் உருட்ட வேணும். அது தெரிந்துதான் சிலர் விளையாடுகிறார்கள்.

எங்கள் வானில் இரண்டு பிரச்சினை. நிறுத்துகிற இடத்தில் ஒயில் சொட்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, அக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது, ஒயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற ஒயில் லைட் மினுங்கும். ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு கராஜில் காட்டினோம். முதலாளி ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை, டிப்ஸ்டிக்கை, இழுத்து விரலில் தேய்த்துவிட்டு, "பாருங்கோ அண்ணை, ஒயில் கரியாப் போச்சு. பின் சீல் போயிட்டுது, பெயாரிங்கும் முடிஞ்சுது. எஞ்சின் இறக்க வேணும்" என்றார். பின் சீல் என்பது எஞ்சினின் பின்பக்கத்தால் ஒயில் வெளியே வராமல் தடுக்கிற வளையம். பெயாரிங் தேய்ந்தால் ஒயில் அழுத்தம் விழும். ஆனால் டீசல் எஞ்சினில் புது ஒயில் விட்டுக் கொஞ்சம் ஓடினாலே புகைக்கரி சேர்ந்து கறுத்துவிடும். அந்தக் கறுப்பைக் காட்டித்தான் பயம் காட்டினார்.

வான் அங்கே கிடந்த காலமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற இன்னொரு வானுக்கு வாடகை கொடுத்தோம். மெயின் பெயாரிங், பின் சீல், ஒயில் பம்ப், கூலி என்று பில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. சரி, வேலை ஒழுங்காக முடிந்தால் போதும் என்று கட்டினோம். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகிற வழியிலேயே லைட் திரும்ப மினுங்கத் தொடங்கிவிட்டது.

புதுக்குடியிருப்புப் பக்கம் உழவு இயந்திரம் திருத்துகிற வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார். சாக்கை விரித்து வானுக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்தவர், "தம்பி, இஞ்ச வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சட்டியான சம்பின் போல்ட்டுகளின் தலையில் கிறவல் தூசி ஒயிலோடு சேர்ந்து கட்டியாக அப்பிக் கிடந்தது. ஒன்றில்கூட ஸ்பனர் பட்ட அடையாளம் இல்லை. கியர்பொக்ஸ் போல்ட்டுகளும் அதே கோலம். சம்ப் கழட்டாமல் மெயின் பெயாரிங்கும், கியர்பொக்ஸ் இறக்காமல் பின் சீலும் எப்படி மாற்றினார்களோ தெரியாது!

ஒயில் லைட்டை எரியவைக்கிற ஒயில் பிரஷர் சுவிட்சின் வயரை இழுத்தால் உள்ளே ஒயில் ஊறி நின்றது. சுவிட்சைக் கழட்டி அந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கிற கேஜ் பூட்டி, எஞ்சினைச் சூடாக்கி ரேஸ் பண்ணிப் பார்த்தார். எஞ்சினின் 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ அழுத்தம் என்பது பழைய ஆட்களின் கணக்கு. ஊசி அதற்கு மேலேயே நின்றது. பழுது சுவிட்சில்தான். அப்புறம் சீட்டைத் தூக்கி எஞ்சினின் மேல் மூடியான டப்பட் கவரைக் காட்டினார். அதற்குக் கீழே ஒயில் கசியாமல் அடைக்கிற கஸ்கட் சூட்டில் இறுகிக் காய்ந்த ஓலை மாதிரி முறிந்தது. பின் மூலையில் கசிகிற ஒயில் எஞ்சினின் முதுகால் வழிந்து கியர்பொக்ஸ் பொருத்தில் சொட்டும். கீழே இருந்து பார்த்தால் பின் சீல் போனது போலவே இருக்கும். போதாததற்கு கராஜில் ஒயிலை டிப்ஸ்டிக்கில் இருக்கும் எஃப் (நிறைந்த மட்டம்) கோட்டுக்கு மேலே நிரப்பி விட்டிருந்தார்கள். அப்படி விட்டால் எஞ்சினுக்குள் சுழலுகிற கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். கூடியதை இறக்கினார். சுவிட்சும் கஸ்கட்டும் சேர்த்து, அந்தப் பில்லில் 'எஞ்சின் கிளீனிங்' என்று போட்ட தொகைக்குக்கூட வரவில்லை.

எஞ்சின் இறக்க வேணும் என்று யாராவது சொன்னால், முதலில் எஞ்சினைக் கழுவிக் காய விட்டு, கொஞ்சம் ஓடிவிட்டு, கசிவு எங்கே தொடங்குகிறது என்று மேலே இருந்து கீழே பாருங்கள். கேஜ் பூட்டாமல் பெயாரிங் கதை பேசுகிறவரிடம் வாகனத்தை விடவேண்டாம். விடுகிறதென்றால் சம்ப் போல்ட்டுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள், கழட்டின பழைய சாமான் கைக்கு வர வேணும் என்று முன்னமே சொல்லுங்கள். ஆனால் லைட் மினுங்காமல் நிலையாக எரிந்தால், அல்லது எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டால், அந்த இடத்திலேயே நிப்பாட்டிவிட வேணும். அது சுவிட்ச்தான் என்று நினைத்து ஓடக்கூடாது.

அந்தக் கராஜுக்குத் திரும்பப் போய் முதலாளியிடம் பழைய பெயாரிங்கைக் கேட்டோம். "அதெல்லாம் பழைய இரும்புக்காரன் கொண்டு போட்டான் அண்ணை" என்று சிரித்தார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைத்து முறையிடலாம். ஆனால் எங்களுக்குத் தந்த பில் கொப்பியில் கிழித்த ஒற்றை. அதில் கராஜின் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.