கூகுள் டேட்டா அனலிட்டிக்ஸ் சான்றிதழ்: திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருத்தியின் மதிப்புரை

பி.காம். முடித்துப் பல ஆண்டுகள் திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்தது முதல் சரக்கு போகும்வரை கவனிப்பவராக) இருந்துவிட்டு, இப்போது கோவையில் தொடக்கநிலை டேட்டா அனலிஸ்ட்டாக, அதாவது தரவு ஆய்வாளராக, வேலை பார்க்கிறேன். இந்த மாற்றத்துக்கு நான் படித்தது கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் உள்ள கூகுள் டேட்டா அனலிட்டிக்ஸ் பயிற்சி. கல்லூரியை விட்டு வெகுகாலம் ஆனவர்கள் இதற்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால், தாராளமாகக் கட்டலாம் என்பேன். சான்றிதழுக்காக அல்ல, கேப்ஸ்டோன் எனப்படும் திட்டப் பாடத்துக்காக; ஒரு தரவை நாமே முழுதாக ஆராய்ந்து காட்டும் பாடம் அது.

முதல் பாடங்கள் மெதுவாக நகர்கின்றன. எக்செல் போன்ற விரிதாள்களில் வரும் வி லுக்கப்பும் (பட்டியலில் தேடி எடுப்பது) பிவட் டேபிளும் (தொகுத்துக் கணக்கிடுவது) எங்கள் தொழிலில் அன்றாடச் சமாசாரம் என்பதால் அவற்றை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் பகுதி நன்றாக இருக்கிறது. கிரெடிட் கார்டு இல்லாமலே கூகுளின் இணையத் தரவுத்தளமான பிக்குவெரியின் இலவசப் பகுதியில் பழகலாம். பென்குயின் அளவீடுகளை வைத்து தரவு ஆய்வுக்கான ஆர் என்ற நிரல் மொழியையும் கற்றுத் தருகிறார்கள், ரசித்துப் படித்தேன்.

அந்தக் கேப்ஸ்டோன் பாடத்தில் ஒரு கற்பனை சைக்கிள் வாடகை நிறுவனம் வருகிறது. தரவு மட்டும் உண்மையானது: சிகாகோ நகரின் டிவ்வி என்ற வாடகை சைக்கிள் சேவையின் பயணங்கள். ஓராண்டுக் கணக்கு ஐம்பது லட்சம் வரிசைகளைத் தாண்டும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. எஸ்க்யூஎல் ஏன் வேண்டும் என்று அங்கேதான் உறைத்தது. நிலையத்தின் பெயரே இல்லாத பயணங்கள், தொடங்கும் முன்பே முடிந்துவிட்ட பயணங்கள் என்று தரவு முழுக்கக் குளறுபடி. அதைச் சுத்தம் செய்த பிறகு, ஆண்டுச் சந்தாதாரர்கள் வேலை நாட்களில் கொஞ்ச நேரமே ஓட்டுவதும், மற்றவர்கள் சனி, ஞாயிறுகளில் நெடுநேரம் ஓட்டுவதும் தெளிவாகத் தெரிகின்றன. சாயப்பட்டறையிலிருந்து வரும் அரைகுறைக் கணக்கை வைத்துக்கொண்டு பையருக்கு (ஆர்டர் கொடுத்த நிறுவனத்துக்கு) பதில் எழுதியவர்களுக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது.

ஆனால் நாம் செய்யும் அந்தச் சைக்கிள் ஆய்வை ஆசிரியர் யாரும் திருத்தித் தருவதில்லை. படித்தவர்கள் பலரும் அதே சைக்கிள் கதையைத்தான் வேலை விண்ணப்பத்தில் இணைக்கிறார்கள். அதனால் இரண்டாவதாக ஒன்றை என் தொழிலிலிருந்தே செய்தேன். பழைய நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, பையர் பெயர்களை நீக்கிவிட்டு, நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங் என ஒவ்வொரு கட்டத்திலும் ஆர்டர் எத்தனை நாள் நிற்கிறது என்று கணக்கிட்டேன். தாமதம் பெரும்பாலும் சாயத்தில் தொடங்கியது. கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போய் லாபத்தைத் தின்றது எந்த ஆர்டர்களில் என்பதையும் படமாகக் காட்டினேன். நேர்காணலில் பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான். சாயத்தில் ஏன் நிற்கிறது, ஷேடு (நிறச் சாயல்) ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கல்லூரியிலிருந்து நேராக வரும் ஒருவரால் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. வேறு தொழிலில் கழிந்த ஆண்டுகளை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

குறை என்றால், தரவை வரைபடமாகக் காட்ட டாப்லோ என்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறார்கள். நான் பார்த்த கோவை, சென்னை வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் அதே வேலைக்கான மைக்ரோசாஃப்டின் பவர் பிஐதான் இருந்தது. அதையும் எஸ்க்யூஎல் விண்டோ ஃபங்ஷன்களையும் (ஒரு வரிசையை அதன் தொடர்புடைய வரிசைகளோடு சேர்த்துக் கணக்கிடுபவை) தனியாகப் படித்தேன்.

கட்டணம் மாதச் சந்தா; வேகமாக முடித்தால் செலவு குறையும். நிதி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக. காந்திபுரத்தில் ஒரு பயிற்சி மையம் வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகையை முன்பணமாகக் கேட்டது. எழுத்தில் தாருங்கள் என்றதும் பேச்சை மாற்றினார்கள். கூகுள் பயிற்சி வேலையை உறுதி செய்வதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். தொடக்கநிலை என்பதால் எனக்கு வந்த சம்பளம் பழையதைவிடக் குறைவு. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருப்பவர்கள் வேலையை விடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.