காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றும் அதன் பின்னறையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒன்றுக்குக் கடந்த மாதம் ஒரு பித்தளைப் பூட்டுத் தேடிப் போயிருந்தேன். பூட்டு அமையவில்லை, ஆனால் பின்னறையில் மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்தக் கடையைப் பற்றி ஒரே வரியில் சொல்வதானால், சரக்குக்காகத் தாராளமாகப் போகலாம், சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பிப் போகக்கூடாது.

முன் கூடம் வெளியூர்க்காரர்களுக்கானது. இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைகளும் தூண்களும் ஒரு பக்கம், எனாமல் தூக்குகளும் சாமி படங்களும் மறு பக்கம். எல்லாவற்றிலும் 'விக்டோரியா காலம்' என்றோ 'லண்டன் ஒரிஜினல்' என்றோ எழுதிய சீட்டு தொங்குகிறது. விக்டோரியா 1901-இல் மறைந்தார் என்பது கடைக்காரருக்கு ஒரு பொருட்டே அல்ல. விலை கூடும் என்றால் அந்த அம்மையார் இன்னும் ஐம்பது ஆண்டு ஆண்டுவிட்டுப் போகட்டும் என்பது அவர் நிலை.

பின்னறையில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பிரிட்டிஷ் காசுகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பென்னி ஒன்று 80 ரூபாய். 1947-ஆம் ஆண்டுப் பென்னியையும் 1949-ஆம் ஆண்டுப் பென்னியையும் துடைத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே ஆறாம் ஜார்ஜ் மன்னர், அதே இடப்புறம் திரும்பிய முகம். முந்தையதில் மட்டும் ஓரத்து எழுத்துகளின் முடிவில் 'இண்ட் இம்ப்' என்று இருக்கிறது. இந்தியாவின் பேரரசர் என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. நாம் 1947 ஆகஸ்டில் கொடியேற்றிவிட்டோம். அந்தப் பட்டம் முறைப்படி துறக்கப்பட்டது 1948 ஜூன் 22 அன்று. காசிலிருந்து அது மறைந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. பட்டம் துறக்கப்பட்ட அதே நாளில்தான் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரி துறைமுகத்தில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்த கரீபியத் தீவுகளின் மக்கள் வேலை தேடிக் கரையிறங்கினார்கள். பேரரசு தன் பெயரைக் கழற்றிய நாளிலேயே பேரரசின் குடிகள் அதன் வாசலுக்கு வந்து நின்றார்கள் என்பதைக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, கப்பலேறிய பாட்டன்மார்களைப் பெற்ற ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவும் 160 ரூபாய்க்குக் கிடைத்தது.

குறை சொல்ல வேண்டிய இடம், அரைக்கிரவுன் என்னும் பிரிட்டிஷ் காசுகள் கிடந்த தட்டு. 'வெள்ளிதான் சார், ஜார்ஜ் ராஜா காசு' என்று சொல்லி, ஒன்று 900 ரூபாய் என்றார். காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. ஆனால் நான் கையில் எடுத்தது 1948-ஆம் ஆண்டுக் காசு. பிரிட்டன் 1946 வரை பாதி வெள்ளி கலந்து அடித்த காசுகளை 1947 முதல் செம்பும் நிக்கலும் கலந்து அடித்தது. அந்தக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால், தன் மக்களின் பையிலிருந்த வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டது அந்த அரசு. 1945-இல் 393 இடங்களை வென்று சர்ச்சிலை வீட்டுக்கு அனுப்பிய அட்லியின் தொழிற்கட்சி அரசு, அப்படிக் கஜானா காய்ந்து கிடந்த நிலையில்தான் 1947-இல் நிலக்கரிச் சுரங்கங்களையும் 1948 ஜனவரியில் ரயில்வேயையும் பொதுவுடைமை ஆக்கியது. 1948 ஜூலை 5 முதல் மருத்துவரிடம் போகிறவர் காசு எடுத்துப் போக வேண்டாம் என்றும் ஆக்கியது. வட்டியும் முதலும் அறிந்த நம் ஊரில் எந்த மேலாளும் இப்படி ஒரு கணக்கை எழுதத் துணிந்திருக்க மாட்டார். அது நிக்கல் காசு என்று கடைக்காரரிடம் சொன்னேன். கோபிக்கவில்லை, ஆனால் சீட்டை மாற்றவும் இல்லை. அதே தட்டில் அதே விலைக்குக் கிடந்த 1944-ஆம் ஆண்டுக் காசை வாங்கிக்கொண்டேன்.

மங்குச் சாமான் (பீங்கான் பாத்திர) அலமாரியைப் பார்க்காமல் வரக்கூடாது. ரோஜாப்பூ போட்ட ஆறு தட்டுகள், அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' முத்திரையுடன், ஒரு கல்யாணச் சீர்ச் சாமான் பட்டியலோடு சேர்ந்து வந்தவை. பட்டியலில் 1950 என்று ஆண்டு இருக்கிறது. அந்தத் தாளை நம்பலாம் என்றால், அந்த ஆண்டில் இங்கிலாந்தின் கடைகளில் இப்படிப் பூப்போட்ட புதுத் தட்டை அந்நாட்டு மக்கள் எளிதில் வாங்கியிருக்க முடியாது. போர்க்காலத்தில் தொடங்கிய கட்டுப்பாடு 1952 வரை நீடித்தது. உள்நாட்டுக்கு வெறும் வெள்ளைப் பீங்கான், அலங்கரித்தவை எல்லாம் டாலரும் அந்நியச் செலாவணியும் ஈட்ட ஏற்றுமதிக்கு. போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, வென்ற பிறகு, 1946 ஜூலையில், அங்கே ரேஷனில் வந்தது. ஆண்டவர்கள் வெள்ளைத் தட்டில் அளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம் வளவில் ரோஜாப்பூத் தட்டைச் சீராகப் பரப்பி வைத்திருந்தார்கள் என்றால், அப்பத்தாக்கள் இன்னும் கொஞ்சம் பெருமை அடித்திருக்கலாம். ஆறும் 3,600 ரூபாய், பேரத்தில் 3,000. பட்டியலைத் தனியாக விற்கப் பார்த்தார்கள். தட்டோடு சேர்த்துத் தராவிட்டால் தட்டும் வேண்டாம் என்றதும் கொடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் இதில் உறுதியாக நிற்க வேண்டும்.

1953 ஜூன் 2 முடிசூட்டு விழா மிட்டாய் டப்பா ஒன்றும் இருந்தது. மூடி துருப்பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன். அங்கே மிட்டாய்க்கு இருந்த ரேஷன் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நீங்கியது என்பதால், அந்த டப்பாவைச் சில குழந்தைகள் எவ்வளவு ஆசையோடு திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

கட்டித் தருவது நேர்த்தி: வைக்கோல், செய்தித்தாள், சணல். ஒரு தட்டும் விரிசல் விடவில்லை. பில் கேட்டால்தான் தருகிறார்கள். பின்னறையில் விளக்கு மங்கல் என்பதால் கைவிளக்கு எடுத்துப் போவது நல்லது. எலிசபெத் ராணியின் 1953-ஆம் ஆண்டுக் காசுகளில் 'எல்லா பிரிட்டன்களுக்கும்' அரசி என்னும் பொருள்பட லத்தீன் சொற்சுருக்கம் இருக்கும். 1954 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். 1953 ஷில்லிங் கிடைத்தது. அடுத்த ஆண்டுக் காசு வந்தால் போன் செய்வதாகக் கடைக்காரர் என் எண்ணைப் பூட்டுக்காரர் என்ற பெயரில் குறித்துக்கொண்டார்.