விளக்கா, திரையா: மேடைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள்

அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், மேடை விளக்குகளை இயக்கும் லைட் கன்சோலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்திலேயே மடிக்கணினியோடு இன்னொருவர், எல்.இ.டி. திரை அவர் பொறுப்பு. இரண்டும் ஒரே வேலைதான் என்று நினைத்துக்கொண்டு இத்துறைக்கு வருகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் வேண்டிய சுபாவமே வேறு.

விளக்கு வேலை அந்த நொடியில் நடப்பது. பரதநாட்டியத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தில், ஆடுபவர் சஞ்சாரியை (ஒரு வரியை அபிநயத்தால் விரித்துக் காட்டும் பகுதியை) நீட்டினால் விளக்கும் காத்திருக்க வேண்டும். தீர்மானம் (ஜதிகளை முடித்துவைக்கும் தாளக் கோவை) முடிகிற இடத்தில் கன்சோலில் விரல் தாளத்தோடு இறங்க வேண்டும். கன்சோலிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை போகும் முறைக்கு, 1986இல் வந்த டி.எம்.எக்ஸ். 512தான் இன்றும் அடிப்படை. ஒரு இணைப்பில் 512 சேனல்கள், அதாவது தனித்தனியாக மாற்றக்கூடிய 512 அளவுகள். தானே திரும்பும் விளக்கான மூவிங் ஹெட் ஒன்றே இருபது, முப்பதை விழுங்கிவிடும். இந்தக் கணக்கு சில வாரங்களில் பிடிபடும். எந்தக் கோணத்தில் ஒளி விழுந்தால் கண்ணின் பாவம் கடைசி வரிசைக்குத் தெரியும் என்பதற்குத்தான் வருடங்கள் பிடிக்கும்.

1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில் வங்க நாடக இயக்குநர் உத்பல் தத் மேடையேற்றிய 'அங்கார்' நாடகத்தில், சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியமைப்பாளர் தபஸ் சென் ஒளியாலேயே காட்டினார். இன்று அந்தக் காட்சியைக் கேட்டால் தண்ணீர் ஓடும் வீடியோ ஒன்றை வாங்கித் திரையில் ஓட்டிவிடுவார்கள்.

திரை வேலையை இதனால் மட்டம் தட்டவில்லை. அதன் முக்கால்வாசி, நிகழ்ச்சிக்கு முன்பே முடிகிற வேலை, பொறுமைசாலிகளுக்கு உரியது. 3.9 மி.மீ. பிட்ச் (புள்ளிக்குப் புள்ளி இடைவெளி) கொண்ட எல்.இ.டி. சுவர் 10 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் இருந்தால் 2560க்கு 1024 புள்ளிகள் வரும். கைக்கு வந்து சேரும் வீடியோ கோப்போ 1920க்கு 1080. அப்படியே இழுத்துப் பொருத்தினால் நடராஜருக்குத் தொப்பை விழுந்துவிடும். ஓர் அரங்கேற்றத்தில் பார்த்தேன். நல்லவேளை, ஆடிய பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாற்காலிக்கும் தகராறு வருவது வெளிச்சத்தில். சுவர் முழு வீச்சில் எரிந்தால் முன்னால் ஆடுபவர் வெறும் நிழலுரு. குறைக்கச் சொன்னால், அதற்குத்தானே இவ்வளவு வாடகை கொடுத்தேன் என்று அமைப்பாளர் முறைப்பார். இதில் நான் விளக்குக்காரர் கட்சி.

வருமானத்துக்கு என்றால் திரைதான். கல்யாணம், நிறுவன விழா எல்லாம் சுவர் கேட்கின்றன. விழா இல்லாத நாளில் எடிட்டிங் கைகொடுக்கும். நாடகத்தையும் நடனத்தையும் மட்டும் நம்பும் விளக்குக்காரருக்கு வருடத்தில் பல மாதங்கள் வறட்சி.

முறையாகப் படிக்க, டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். வீட்டிலேயே பழகவும் வழியுண்டு: கிராண்ட்எம்ஏ3 என்ற லைட் கன்சோலின் கணினிப் பதிப்பு இலவசம், திரையில் வீடியோ ஓட்டும் மென்பொருளான ரெசல்யூமின் சோதனைப் பதிப்பில் படத்தின்மேல் வாட்டர்மார்க் விழும், அவ்வளவுதான். ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பக் கற்க மட்டும் ஏதாவதொரு சபாவில் போய் நிற்க வேண்டும். சென்னையில் என்றால் டிசம்பரில் போகாதீர்கள். அப்போது யாருக்கும் சொல்லித்தர நேரமிருக்காது.