கேமராவா, ஒலியா, சென்சாரா? டர்பன் பகுதிக் கழிவுநீர் லைன்களுக்கு எது முதலில்

கழிவுநீர் லைனை டிஜிட்டல் முறையில் சோதிக்கப் போகிறோம் என்று ஒரு நகராட்சி முடிவெடுத்தால், பெரும்பாலும் முதல் செலவு சக்கரம் வைத்த கேமரா ஊர்திக்குத்தான். வேன், கேபிள் டிரம், பெரிய திரை எல்லாம் சேர்ந்து பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளுக்கு அது மூன்றாவதாக வரவேண்டிய கருவி.

சாட்ஸ்வர்த் 1960களிலும் ஃபீனிக்ஸ் 1970களிலும் எழுந்தவை. சரிவான நிலம், வீடுகளின் கொல்லைப்புறமாகவே ஓடும் லைன்கள், பல இடங்களில் மேன்ஹோலின் மேலேயே கூடுதல் அறையோ கார் கொட்டகையோ கட்டிவிட்டார்கள். வேன் போய் நிற்கவே வழியில்லாத இடத்தில் கேமரா ஊர்தியால் என்ன பயன்?

ஊர்தி கேமரா

குழாயின் உள்சுவரைத் துல்லியமாகக் காட்டுவதில் இதை எதுவும் மிஞ்சாது. விரிசல், விலகிய மூட்டு, நுழைந்த வேர், தவறாகச் செருகிய வீட்டு இணைப்பு எல்லாம் எத்தனையாவது மீட்டரில், கடிகார முள்ளின் எந்தத் திசையில் என்பது வரை பதிவாகும். விலை கொடுக்க வேண்டியது நேரத்தில்தான். 200 மி.மீ.க்குக் குறைந்த குழாயில் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தைத் தாண்டினால் மெல்லிய விரிசல் தப்பிவிடும். அந்த வேகத்தில் 100 மீட்டர் போக 17 நிமிடம். ஒவ்வொரு குறையிலும் நின்று கேமராவைச் சுழற்றினால் அதைப்போல இரண்டு மடங்கு. இதற்கு முன்பே ஜெட்டிங் (அதிக அழுத்த நீரால் குழாயைக் கழுவுவது) முடிந்திருக்க வேண்டும், நீர்மட்டம் குழாய் உயரத்தில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். அடிப்பாகம் தண்ணீரில் மூழ்கியிருந்தால் அங்குள்ள உடைசல் படத்தில் வராது.

வழக்கமாக நேரும் தவறுகள்: தொடக்கத்தில் மீட்டர் எண்ணியைப் பூஜ்யமாக்க மறப்பது, லென்சில் கொழுப்பு படிந்தபின்னும் ஓட்டிக்கொண்டே போவது, பழைய சுட்டமண் குழாயில் ஜெட்டிங் முனையை ஒரே இடத்தில் நிறுத்தி, ஏற்கெனவே விரிந்த இடத்தை உடைத்துவிடுவது. ஊர்தி சிக்கிக்கொண்டால் கேபிளைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. அடுத்த மேன்ஹோலிலிருந்து அணுக முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய கான்கிரீட் லைன்களுக்கு இதுவே சரி. கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குழாயின் கூரைப் பக்கத்து ஈரத்தில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாகிச் சிமெண்ட்டைத் தின்னும். எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை ஊர்தியில் பொருத்தும் லேசர் வளையம் அளந்துவிடும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வர்ஜீனியா நகரில் 1980களின் இறுதியில் அமைத்த சோதனைப் பகுதி, இந்த அரிப்பைப் பலவகைக் கான்கிரீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கவே உருவானது.

தள்ளு கேமராவும் கோல் கேமராவும்

110, 160 மி.மீ. கொல்லைப்புற லைனுக்குத் தள்ளு கேமரா போதும். கண்ணாடியிழைக் கம்பியின் நுனியில் கேமரா. ஒருவரே தூக்கிப் போகலாம். தலையில் 512 ஹெர்ட்ஸ் அலைபரப்பி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தரைக்கு மேலே, அந்த அலையைப் பிடிக்கும் லொக்கேட்டரை நகர்த்தினால், தளத்துக்கு அடியில் மறைந்துபோன மேன்ஹோல் எங்கே என்று தெரிந்துவிடும்.

கோல் கேமரா மேன்ஹோலுக்குள் இறங்கி ஜூம் செய்து பார்க்கும். சிறிய குழாயில் முதல் சில பத்து மீட்டர்தான் தெளிவு. வளைவுக்கும் தொய்வுக்கும் அப்பால் குருடு. எங்கே ஊர்தி தேவை என்று பிரித்தறிய மட்டும் பயன்படுத்தினால் நல்ல கருவி.

ஒலிச் சோதனை

ஒரு மேன்ஹோலில் ஒலிபெருக்கி, அடுத்ததில் மைக். தண்ணீருக்கு மேலுள்ள காற்றிடைவெளி வழியே ஒலி போகும். வேரும் கொழுப்பும் அதை விழுங்கும். சில நிமிடத்தில் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்: 10 திறந்த குழாய், 0 அடைப்பு. குழாயைக் கழுவ வேண்டாம், எதையும் உள்ளே விட வேண்டாம், ஆளும் இறங்க வேண்டாம்.

ஒலி விரிசலைச் சொல்லாது. வாட்டம் கெட்டுத் தொய்ந்த இடத்தில் தண்ணீர் கூரை வரை நின்றால், அடைப்பே இல்லாமலும் 0 காட்டும். ஆனாலும் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாகச் சொல்வோம். சுழற்சி முறையில் எல்லா லைனையும் கழுவும் நகராட்சியில், சுத்தமான குழாய்க்கே தண்ணீரும் டீசலும் வீணாகின்றன. மதிப்பெண் 8க்கு மேல் இருந்தால் அந்த லைனை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

மட்ட சென்சார்

மற்றவை ஒருநாள் நிலையைச் சொல்பவை. மேன்ஹோலில் நீர்மட்டத்தை அளக்கும் இது இரவு பகலாகச் சொல்லும். எல்லா மேன்ஹோலிலும் வைக்கத் தேவையில்லை: முன்பே பொங்கிய இடங்கள், பம்ப் நிலையத்துக்கு முந்தைய மேன்ஹோல், செங்குத்துச் சரிவு சமதளமாக மாறும் அடிவாரம். அங்கே வேகம் தணிந்து மணலும் வெட் வைப்ஸும் தங்கும்.

மீயொலி சென்சார் மலிவு. ஆனால் நுரையும் நீராவியும் அதை ஏமாற்றும், முகத்துக்குக் கீழே சிறிது தூரம் அளக்கவே முடியாது. ரேடார் விலை கூடியது, ஈரத்துக்கு அசையாது. எதுவானாலும் நீர் மேலிருந்து விழும் இணைப்பை விட்டுத் தள்ளி, மட்டமாகப் பொருத்த வேண்டும். வார்ப்பிரும்பு மூடி சிக்னலைத் தடுக்கும். பழைய இரும்புக்காக அந்த மூடிகள் திருடுபோவதும் நம் ஊர்த் தொல்லை. பாலிமர் மூடிக்கு மாறினால் இரண்டுக்கும் சேர்த்துத் தீர்வு கிடைக்கும்.

வரைபடத்தைப் படிக்கத் தெரிவதில்தான் சென்சாரின் பலன் முழுதும் இருக்கிறது. மழையில்லா நாட்களில் மட்டம் மெல்ல மெல்ல ஏறினால் கொழுப்பு சேர்கிறது. மேல்மேன்ஹோலில் ஏறி, கீழ்மேன்ஹோலில் இறங்கினால் அடைப்பு இரண்டுக்கும் நடுவே. மழை தொடங்கியதும் குத்தாக ஏறிச் சில மணியில் தணிந்தால், யாரோ கூரைத்தண்ணீரைக் கழிவுநீர் லைனில் விட்டிருக்கிறார்கள். இங்கே மழைநீருக்குத் தனி வடிகால் உண்டு. எந்த வீடு என்று கண்டுபிடிக்கக் கேமரா வேண்டாம், லைனுக்குள் புகையை ஊதி, அது எந்த வீட்டுக் கூரைக் குழாயில் வெளிவருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனை போதும். மின்சாரம் போன நேரத்தோடு ஏற்றம் ஒத்துப்போனால் கோளாறு பம்ப் நிலையத்தில். சென்சாருக்குச் சொந்த பேட்டரி இருப்பதால், லோட்ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டில் நிலையத்தின் கண்காணிப்புக் கருவி அணைந்தாலும் இது பேசும்.

எச்சரிக்கை அளவு இரண்டு வையுங்கள்: குழாய்க் கூரையைத் தொட்டதும் ஒன்று, மேன்ஹோலின் பாதி ஆழத்தில் ஒன்று. அந்த இரண்டாவது செய்தி வந்த இரவே கிளம்பும் அணி இல்லையென்றால் சென்சாரை வாங்காமல் இருப்பதே மேல். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பம்ப் நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமாகிக் கடற்கரைகள் மூடிக்கிடந்ததை டர்பன் மக்கள் பார்த்தவர்கள். அவ்வளவு பெரிய வெள்ளத்தைச் சென்சார் தடுக்காது. எந்த நிலையம் முதலில் நின்றது என்று உடனே காட்டும்.

டெண்டரில் கேட்க வேண்டியவை

கருவி எதுவானாலும், ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் ஒரே எண் இருந்து, வீடியோவும் ஒலி மதிப்பெண்ணும் சென்சார் அளவும் அந்த எண்ணிலேயே சேர வேண்டும். கியூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள். தொடங்க அது போதும். குறைகளை 1 முதல் 5 வரை தரப்படுத்தும் குறியீட்டு முறையை வற்புறுத்துங்கள். 5 என்றால் உடனே கவனிக்க வேண்டியது. செயற்கை நுண்ணறிவு குறை கண்டுபிடித்ததாக ஒப்பந்ததாரர் சொன்னால், 4, 5 தரம் பெற்ற ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கொழுப்புக் கோட்டை விரிசல் என்று எண்ணிவிடும் மென்பொருள் உண்டு. மூல வீடியோவும் தரவுக் கோப்பும் நகராட்சிக்கே சொந்தம், வேறு மென்பொருளிலும் திறக்கும் வடிவில் தரவேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூடி திறக்குமுன் வாயுமானி கட்டாயம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் தொட்டாலோ எல்லோரும் விலகி நிற்க வேண்டும், யாரையும் உள்ளே இறக்கக் கூடாது.