பழைய வளாகத்தில் புது விடுதி: கேம்பிரிட்ஜ் வழியா, அகமதாபாத் வழியா?

வேலூர் பக்கம் பழைய கல்லூரி எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்: விடுதி போதவில்லை, புதிதாகக் கட்ட வேண்டும், எப்படிக் கட்டுவது? வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான். நடுவில் இருட்டு காரிடார், இரண்டு பக்கமும் அறைகள், முகப்பில் பளபளக்கும் அலுமினியத் தகடான ஏசிபி ஷீட். பக்கத்திலேயே ஆழமான சன்ஷேடும், காற்று வர ஓட்டைகள் வைத்த ஜாலிச் சுவருமாக அறுபதுகளின் நல்ல கட்டடம் நின்றாலும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். பேர் பெற்ற நவீன பாணி வளாகங்கள் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் நமக்கும் வழி தெரியும்.

கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரி 1960இல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ஷெப்பர்டின் நிறுவனம் வடிவமைத்தது. செங்கல் சுவர், பூசாத கான்கிரீட் பட்டைகள், சின்னச் சின்ன முற்றங்களைச் சுற்றி மாணவர் அறைகள். கான்கிரீட்டில், அதை வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகையின் மர வரிகள் அப்படியே பதிந்திருக்கும். 2016இல் 6ஏ ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தார் அங்கே 68 அறைகளோடு கோவன் கோர்ட் என்ற மூன்று தள விடுதியைச் சேர்த்தார்கள். வெளிப்புறத்துக்குச் செங்கல் வேண்டாம் என்று ஓக் பலகை போர்த்தினார்கள். ஆனால் சதுர முற்றமும், அதைச் சுற்றி அறைகளும் பழைய கல்லூரியின் வழக்கம்தான். பழைய கான்கிரீட்டில் பதிந்த மர வரி, இங்கே மரமாகவே வந்து நிற்கிறது. இதைவிட மரியாதையான பதில் எனக்குத் தெரியவில்லை.

அகமதாபாத்தில் இருக்கும் மேலாண்மைக் கல்வி நிறுவனமான ஐஐஎம்மின் கதை வேறு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் செங்கல்லில் எழுப்பிய வளாகத்தை நீட்ட இடமில்லாதபோது, சாலைக்கு எதிர்ப்புறம் பிமல் படேலின் எச்சிபி நிறுவனம் புது வளாகம் கட்டியது. பூசாத கான்கிரீட், இரண்டையும் இணைக்க ஒரு சுரங்கப்பாதை. கானைப் பார்த்து நகலெடுக்காதது நல்ல முடிவு. ஆனால் சாலை நடுவில் வந்துவிட்டதால், பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேச வேண்டிய கட்டாயமே இல்லாமல் போய்விட்டது.

அங்கே கான் கட்டிய பழைய விடுதிகளின் பாடு அதைவிட மோசம். நீர்க்கசிவு, விரிசல், 2001 நிலநடுக்கச் சேதம் என்று காரணம் சொல்லி, 18 விடுதிகளில் 14ஐ இடித்துக் கட்ட 2020 டிசம்பரில் நிர்வாகம் முன்வந்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்ப, 2021 ஜனவரி முதல் நாளிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2022இல் மறுபடியும் இடித்துக் கட்டும் பேச்சுக்கே போனது. வெளித்தோற்றம் மாறாமல் புதிதாகக் கட்டலாம் என்ற நிர்வாகத்தின் யோசனை எனக்கு உடன்பாடில்லை. மாணவர் உயிருக்கு ஆபத்து என்றால் இடிக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் அதே வளாகத்தில் விக்ரம் சாராபாய் நூலகத்தைச் சீர்செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு 2019இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

ஆக்ஸ்போர்டின் செயின்ட் கேத்தரின்ஸில் டென்மார்க் கட்டடக் கலைஞர் ஆர்ன் யாக்கப்சன் கட்டியதை ஒட்டி ஸ்டீபன் ஹாடர் சேர்த்த அறைகள் மூலத்தின் ஒழுங்கை அடக்கமாகப் பின்பற்றுகின்றன. பாதுகாப்பான வழிதான்.

நம்மூருக்கு? என் ஓட்டு சர்ச்சிலுக்கு. ஆனால் மரப்பலகை இங்கே வேண்டாம். கரையானும் ஐப்பசி மழையும் சும்மா விடாது. பூசாத கான்கிரீட்டும் மேற்குச் சுவருக்கு ஆகாது. மே மாதத்தில் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பையன் படுத்திருக்கும்போது அறைக்குள் விடும். எடுத்துக்கொள்ள வேண்டியது முற்றத்தை. கேம்பிரிட்ஜில் வெயில் வர வேண்டும் என்று அகலமாக வைப்பார்கள். நாம் குறுக்கி வைத்து, சுவர் நிழலே தரையில் விழும்படி செய்து, நடுவில் ஒரு புங்கமரம் நடலாம்.

கானிடமிருந்தும் ஒன்று எடுக்கலாம். நீள காரிடாரைத் தவிர்க்க, பத்துப் பத்து அறைகளாகப் பிரித்து, படிக்கட்டையும் டீ போடும் அறையையும் சுற்றி அமைத்தார். நம் விடுதிகளில் தேர்வு நேரத்தில் பிள்ளைகள் ராத்திரி எல்லாம் மாடிப்படியில்தானே உட்கார்ந்து படிக்கிறார்கள்? அந்த இடத்துக்கு ஒரு ஜன்னல், ஒரு திண்ணை, ஈரத்துண்டு காயப் போட ஒரு கொடி என்று வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.