விபத்து வழக்குக்கு வக்கீல் தேடிய அனுபவம்: கும்பகோணம்

சித்தப்பாவின் விபத்து வழக்குக்கு வக்கீல் பிடிப்பதற்காகத்தான் இந்த முறை லண்டனிலிருந்து கும்பகோணம் போனேன். சித்தப்பாவுக்கு 52 வயது, தச்சு வேலை. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை எதிரில் வந்த குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஒன்று மோதிவிட்டது. வலது காலில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. அதற்குப் பிறகான செலவெல்லாம் சித்தியின் நகையில்தான் ஓடியது.

நான் போய்ப் பார்த்தபோது கையில் இருந்தது, புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. “பேசி முடிச்சுக்கலாமே, வண்டிக்காரர் ஏதோ தருவார்” என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். காலுடைந்து கிடக்கும் மனுஷனிடம் இப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. சி.எஸ்.ஆரை வைத்துக்கொண்டு நஷ்டஈடு வழக்கை நகர்த்துவது கஷ்டம். புகாரை மறுபடியும் தெளிவாக எழுதி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அப்புறம் எஃப்.ஐ.ஆர். வந்தது. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு புரோக்கர் வந்து போயிருக்கிறார். “கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்று வெற்று வக்காலத்துத் தாளை (வழக்கு நடத்த வக்கீலுக்கு நாம் அதிகாரம் தரும் தாள்) நீட்டியிருக்கிறார். சித்தி தடுத்துவிட்டார். லண்டனில் பஸ்ஸிலும் ரேடியோவிலும் விபத்து வக்கீல் விளம்பரம் பார்த்துப் பழகியவன் நான். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. விதி நல்லதுதான். ஆனால் நல்ல வக்கீல் யார் என்று வெளியூர்க்காரருக்குத் தெரிய வழியில்லாத அந்த இடைவெளியில் புரோக்கர் நுழைந்துவிடுகிறார்.

முதலில் பார்த்த வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: வரும் தொகையில் முப்பது சதவீதம். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் முன்கூட்டியே வேண்டுமாம். இங்கிலாந்தில் ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற முறை சட்டப்படியே உண்டு, அந்த வெற்றிக் கட்டணத்துக்கு 25 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. இந்தியாவில் கதை வேறு. தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதையே பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. “அப்படித்தான் எல்லாரும் வாங்கறாங்க” என்றார். நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம்.

அப்புறம், தெருவில் ஏற்கெனவே இப்படி ஒரு வழக்கு நடத்தி முடித்த குடும்பத்திடம் விசாரித்து ஒரு பெண் வக்கீலிடம் போனோம். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “ஏ.ஆர். காப்பி இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்பதன் நகல் அது. அதில் ‘தானே கீழே விழுந்தார்’ என்று இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வாதாடும். எங்கள் காப்பியில் ‘எதிரே வந்த நான்கு சக்கர வாகனம் மோதி’ என்று டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். அன்று உடன் போன தம்பி நடந்ததை நடந்தபடி சொன்ன புண்ணியம். மேடம் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். அடுத்து அரசின் எம்பரிவாகன் செயலியில் மோதிய வண்டியின் எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று எங்கள் எதிரிலேயே பார்த்தார். இருந்தது.

“ஐயா, மாசம் எவ்வளவு சம்பாதிப்பீங்க?” என்று கேட்டார். சம்பளச் சீட்டு ஏது? சித்தப்பாவின் கூலி நோட்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, அவருக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் பர்னிச்சர் கடைக்காரரின் சாட்சியம், இவற்றை வைத்துக் காட்டலாம் என்றார். கணக்கையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். மாதம் 15,000 என்று கோர்ட் ஏற்றால், சொந்தத் தொழில் செய்பவருக்கு இந்த வயதில் எதிர்கால உயர்வாக 10 சதவீதம் சேரும். அது உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணாய் சேத்தி தீர்ப்பு. 52 வயதுக்கு, வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 11, அது அதே நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பு. 16,500-ஐ 12-ஆலும் 11-ஆலும் பெருக்கினால் 21,78,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று முடிவானால் 6,53,400. மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் தனி. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம்.

அந்த 6,53,400-இல் முப்பது சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். இனி உட்கார்ந்து இழைப்புளி பிடிக்க முடியுமா என்றே தெரியாத ஒருவரின் வருங்காலச் சாப்பாட்டுப் பணம் அது. எனக்கு வயிறெரிந்தது.

திறன் இழப்பு என்பது டாக்டர் போடும் ஊன சதவீதமே அல்ல என்பதையும் அவர்தான் விளக்கினார். 2010 ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒரு கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியில்லை. சித்தப்பா எப்படிக் குந்தி உட்கார்ந்து வேலை செய்வார் என்பதைக்கூட சாட்சியத்தில் சொல்ல வைக்க வேண்டும் என்றார்.

கட்டணத்தை மொத்தமாகப் பேசி, தவணை பிரித்து, எழுதியே கொடுத்தார். ரசீதும் உண்டு. வக்காலத்தை முழுக்க நிரப்பி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார். இங்கிலாந்தில் மூன்று வருட அவகாசம் உண்டு. இங்கே விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் இருப்பதால் அதற்குள் மனுவைப் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு என்றார், போட்டும்விட்டார். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாமாம். பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் போன்றோருக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் தரும். உதவி எண் 15100.

மக்கள் நீதிமன்றத்தில் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாமே என்று சித்தப்பாவுக்கு ஆசை. கடன் நெருக்குகிறது. “முடிக்கலாம் ஐயா, ஆனா அங்க முடிச்சா அப்பீல் கிடையாது. பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கான்னு டாக்டர் சொல்லட்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்போம்” என்றார் மேடம். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதுவரை வட்டி கட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஊனச் சான்றிதழுக்கு மருத்துவக் குழுவிடம் போகும் நாளில் தம்பி அழைத்துப் போவான்.